ஒன்று குறைந்த மலை

திரிபுராவின் உனக்கோட்டி, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2022இல் இடம்பிடித்ததிலிருந்து 'அறியப்படாத வடகிழக்கு' என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கே போய்விடுகிறார்கள். போகட்டும். அங்கே, கைலாசகர் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டுப் பாறையில் முப்பதடி உயரத்துக்கு ஒரு கால பைரவர். அதில் கிரீடம் மட்டுமே பத்தடி. எனக்கு அவரைவிட அவர் காலடியில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் மூன்று நந்திகள்தான் பிடிக்கும். இந்தப் பாறை உருவங்களை நம்மூர் ஸ்தபதி பார்த்தால் அளவு தப்பிய முகங்கள் என்பார். ஆனால் சாஸ்திரத்துக்கு அடங்காத அந்த உருண்டை விழிகளில்தான் அந்த மலை மனிதர்களின் சாயல் இருக்கிறது. இந்தச் சிற்பங்களுக்கு ஒரு கதையும் உண்டு: விடிவதற்குள் கோடி உருவம் செதுக்கினால் கயிலைக்கு அழைத்துப் போவதாகச் சிவன் சொல்ல, கல்லு குமார் என்ற கைவினைஞன் ஒன்றே ஒன்றில் தோற்றானாம். தெய்வமும் கணக்குப் பார்க்கும் போலிருக்கிறது! ஜம்புயி மலையின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் போகிற வழியில் உனக்கோட்டியையும் 'பார்த்து முடிக்க' ஒரு மணி நேரம் ஒதுக்கும் பயணத் திட்டங்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. உலக அங்கீகாரம் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? கூடவே கண்ணாடிப் பாலமும் வண்ண விளக்கும் வராமலிருந்தால் சரி. அந்த நந்திகளை யாரும் தோண்டி நிமிர்த்திப் பீடத்தில் வைத்துவிடவும் வேண்டாம்.