பாழ்மாளிகையும் பாட்டாளியின் ஓய்வும்

குளத்தூர் தாலுகாவில் கல் உடைத்தும் களை பறித்தும் ஜீவிக்கின்ற மக்களுக்கு, கருங்கடற் பக்கத்து ஜார்ஜியா தேசத்தின் பாழ்மாளிகைகளைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு என்றே சொல்லுகின்றோம்.

அத்தேசத்தில் ட்ஸ்கால்டுபோ என்று ஓர் ஊர். பூமியிலிருந்து வெதுவெதுப்பான நீர் தானாகவே ஊறும் இடம். நம் நாடாயிருந்தால் அவ்வூற்றுக்கு ஒரு ஸ்தலபுராணமும், ஒரு கோவிலும், தட்சணை வாங்க நாலு பேரும் உடனே ஏற்பட்டிருப்பார்கள். சோவியத் சர்க்காரோ நீரை வைத்தியர்களிடம் ஒப்புவித்து, 20-க்கு மேற்பட்ட ஆரோக்கிய விடுதிகளையும் 9 குளிப்பு மண்டபங்களையும் கட்டிற்று. ராஜ அரண்மனைகளைப் போன்ற தூண்களும் படிக்கட்டுகளும் கொண்ட அவ்விடுதிகளில் ஒன்றுக்குச் சுரங்கத் தொழிலாளி என்றும், மற்றொன்றுக்கு உலோகத் தொழிலாளி என்றும் பெயர். 1936-ம் வருஷத்து சோவியத் அரசியல் சட்டத்தின் 119-வது பிரிவு, ஓய்வை உரிமையென்று எழுதிற்று. சம்பளத்தோடு லீவு, தொழிற்சங்கத்தின் மூலம் இனாமாகவோ குறைந்த விலைக்கோ விடுதிச் சீட்டு.

1991-ல் சோவியத் கலைந்தது, சீட்டும் நின்றது. 1992, 93-ல் அப்காசியா யுத்தத்தில் வீடிழந்து ஓடிவந்த ஆயிரக்கணக்கானோர் இவ்விடுதி அறைகளில் தங்க வைக்கப்பட்டு, பல வருஷங்களை அங்கேயே கழித்தார்கள். இப்போது பல விடுதிகளில் கூரை இடிந்து செடி முளைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பிரயாணிகள் அவற்றைத் தேடிப் போய்ப் படம் பிடிக்கிறார்கள். ஊற்று மட்டும் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

நிற்க, அப்படங்களைக் காட்டி, "பார்த்தீர்களா சமதர்மத்தின் கதியை!" என்று முதலாளிகளின் நண்பர்கள் கைகொட்டுகிறார்கள். கூரை விழுந்ததனால் தொழிலாளியின் முதுகுவலி தீர்ந்துவிட்டதா என்று கேட்கின்றோம். குறை சொல்லுவதானால் சொல்ல வேண்டிய குறை வேறு இருக்கிறது. 6-ம் நம்பர் குளிப்பு மண்டபத்தில் ஸ்டாலினுக்கென்று தனிக் குளியலறை! நல்ல அறைகள் கட்சி அதிகாரிகளுக்கு. கூட்டுப்பண்ணை உழவனோ தொழிற்சங்கத்துக்கு வெளியே நின்றதால், வெகுகாலம் வரை சீட்டு அவன் கைக்கு எட்டுவது அபூர்வமாயிருந்தது. உழவனை வாசலில் நிறுத்திய ஓய்வு முழு ஓய்வாகாது.

நம் நாட்டின் யோக்கியதை என்ன? ராஜாக்களும் செல்வர்களும் பிரயாணிகளுக்குச் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் பலவும் இன்று பாழ்தான். அது உரிமையல்ல, புண்ணியம் தேடுவோரின் தர்மம். அதிலும் பார்ப்பனருக்குத் தனிப்பந்தி போட்ட சத்திரங்கள் கொஞ்சமல்ல. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு 1 நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்று வகுத்தது. ஆலையின் மதிலுக்கு வெளியே குனிந்து நிற்கும் உழவுக் கூலிக்கு அது வரவில்லை.

ஆகவே அவர்கள் அறிந்த பிரயாணமெல்லாம் பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவே. அன்றைய கூலியும் போய், கடனும் வாங்கிப் போகிறார்கள். ஏன் போகிறீர்கள் என்று கோபிப்பதில் பயனில்லை. சாமி பெயரைச் சொன்னால்தான் ஆண்டை ஒரு நாள் விடுகிறார்! உடம்பு வலிக்கிறது, பெண்டு பிள்ளைகளோடு நாலிடம் பார்த்துவர வேண்டும் என்று சொல்லிப் பார்க்கட்டும். மறுநாள் வேலையே இராது. வயற்கூலிகளின் சங்கமும் கல்லுடைப்போர் சங்கமும் கூலி உயர்வு கேட்கும்போதே, கூலியோடு வருஷத்தில் பத்து நாள் லீவு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.