நெம்புகோல் அறிந்த மண்ணில்

ஓசூர்ச் சிப்காட் வளாகத்திலும் அதைச் சூழ்ந்த ஆலைகளிலும் வேலைநேரம் ‘ஷிப்ட்’களாகப் பிரிந்து கிடக்கிறது. கைக்கடிகாரம் முதல் கைப்பேசி உதிரிப்பாகம் வரை செய்து குவிக்கும் கைகளில் கணிசமானவை இளம்பெண்களுடையவை. இரவில் பெண்களைப் பணியமர்த்தத் தடைவிதித்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிபந்தனைகளையும் விதித்தது. ஆனால், ஆலைப் பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து அறை வரையுள்ள அந்த இருட்டுப் பாதைக்கு யார் பொறுப்பு?

தற்காப்புக் கலை கற்பிக்கலாமே என்றால், “ஆணின் வலிமைக்கு முன் பெண் என்ன செய்துவிட முடியும்?” என்ற விடை உடனே வருகிறது. இரக்கம் போல் ஒலிக்கும் இச்சொல், பெண்ணை வீட்டுக்குள் திருப்பி அனுப்பும் ஆணையே அன்றி வேறில்லை. இதை நாம் முற்றாக மறுக்கிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் குவாரிகளைக் கண்டவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். தம்மினும் பன்மடங்கு கனமான கல்லைத் தொழிலாளர் கடப்பாரையால் நெம்பிப் புரட்டுவது தோள்வலிமையாலா? நெம்ப வேண்டிய இடம் அறிந்ததால் அன்றோ! ஜப்பானில் 1882இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் நெறியும் இதுவே: எதிராளியின் விசையோடு மோதாதே, அதற்கு இசைந்து அவன் நிலையைக் குலை. மணிக்கட்டைப் பற்றும் கை எத்துணை முரடாயினும், பெருவிரலும் பிற விரல்களும் சந்திக்கும் இடத்தில் அப்பிடி தளர்ந்தது. முழங்கையை மடக்கி, அவ்விடைவெளி வழியே கையைத் திருப்பி இழுத்தால் விடுபடலாம். விடுபட்டபின் கூவுவதும் ஓடுவதும் கோழைத்தனமல்ல. அவையும் கலையின் பகுதியே. இலண்டனில் 1913ஆம் ஆண்டளவில் வாக்குரிமைப் போராட்டப் பெண்களுக்கு ஜுஜுட்சு பயிற்றிய எடித் காரட், ஐந்தடி உயரமும் இல்லாதவர்.

சான்று வேண்டுவோர்க்கு ஒன்று கூறுவோம். கனடாவின் 3 பல்கலைக்கழகங்களில் 893 மாணவியரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளாயினர். 12 மணி நேரப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்களில் இது 5.2 விழுக்காடு. அங்கே கற்பித்தது அடிதடி மட்டுமன்று. ஆபத்தை முன்னறியவும், அறிமுகமான ஆணிடம் தயக்கமின்றி மறுப்புச் சொல்லவும் கற்பித்தனர். மேற்பார்வையாளரின் அத்துமீறலுக்கு முன் நாவெழாத பெண்ணுக்கு முதலில் தேவை இப்பாடமன்றோ?

ஆண்டுவிழா மேடையில் ஓடுடைத்துக் கைதட்டல் பெறும் கராத்தே இதற்குப் பயன்படாது. அரசுப் பள்ளி மாணவியருக்கு 3 மாதத் தற்காப்புப் பயிற்சித் திட்டம் உண்டு. பள்ளி முடித்து ஆலைக்கு வரும் அதே பெண்ணுக்கு வேலைநேரத்திலேயே, ஊதியம் பிடிக்காமல், பெண் பயிற்றுநரைக் கொண்டு கற்பிப்பதில் நிர்வாகங்களுக்கு என்ன தடை?

“திருப்பித் தாக்கினால் வழக்கு வருமே” என்பாரும் உளர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பை உரிமையாகவே ஏற்கின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்வோம். பயிற்சி தந்துவிட்டோம் என்று தெருவிளக்கையும், பேருந்தையும், 2013ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் புகார்க் குழுவையும் எவரும் கைகழுவ முடியாது. கற்றவள் தப்ப முடியாமற் போனாலும், கல்லாதவள் தாக்கப்பட்டாலும் குற்றம் தாக்கியவனுடையதே. நுட்பத்தைக் கற்பிக்க மறுத்துவிட்டு, பெண்ணுக்கு வலிமையில்லை என்று இனியும் பேசுவது அறமாகாது.