தராசு காட்டாத வளர்ச்சி

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் முதலில் காலூன்றியது மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த அந்தத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டார்கள். அட்டையில் புள்ளி வைத்து, கோடு ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் மூன்று மாதம் சத்துருண்டை கொடுத்து, தாய்க்கும் விவரம் சொன்னார்கள். பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடாமல், எடை நின்ற மாதத்திலேயே கவனித்ததால் கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது. அந்தச் சாதனையை மதித்தே சொல்கிறேன்: எடைபோடும் நாளில் நாம் இன்னும் பாதிப் பிள்ளையைத்தான் பார்க்கிறோம்.

அதே ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் பேச்சு வருகிறது, ஆள் தெரிகிறது, பயமும் நம்பிக்கையும் பழகுகின்றன. தராசில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பேர் சொன்னால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறதா என்பதை அந்த எடைக்கோடு சொல்லாது. வயிறு நிறைந்தால் மூளை தானே வளரும் என்பார்கள். ஜமைக்காவில் 1980-களில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய், தாயோடு சேர்ந்து விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில் சத்துணவும் பலன் தந்தது, ஆனால் அறிவு வளர்ச்சியில் அது நீடிக்கவில்லை. விளையாட்டின் பலன் நின்றது. 22 வயதில் அந்தப் பிள்ளைகளின் வருமானம், விளையாட்டு கிடைக்காதவர்களைவிட சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. சோற்றைக் குறைக்க இதைக் காரணமாக்கக் கூடாது. சோறு முதலில் வேண்டும், அதோடு பேச்சும் வேண்டும்.

அங்கன்வாடி ஊழியருக்கு இன்னொரு சுமையா என்ற ஆட்சேபம் நியாயமானது. செயலியில் பதிவு, கணக்கெடுப்பு, சத்துமாவு விநியோகம் என்று அவர் ஏற்கெனவே திணறுகிறார். அதனால் புதுப் படிவம் எதுவும் வேண்டாம், இருக்கிற பதிவுகளில் சிலவற்றைக் குறைக்க வேண்டும். மத்திய அரசு 2024-ல் மூன்று வயதுக்குட்பட்டோருக்காக ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதை மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் தாய்க்குச் செய்துகாட்டும் அளவுக்குச் சுருக்கலாம். கொட்டாங்குச்சியும் காலி டப்பாவும் போதும். நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது பேசுவதே பயிற்சிதான். ஆனால் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்த் திரும்பும் தாயிடம் அதற்குத் தெம்பு மிஞ்சுவதில்லை. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டிலிருக்கும் பாட்டியையும் அப்பாவையும் எடைபோடும் நாளுக்கு வரச்சொல்லலாம்.

‘அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்ற சமாதானம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பல பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். காது கேளாத பிள்ளைக்கோ அந்தக் காத்திருப்பில் கழிகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயமும் ஊரில் உண்டு. ஊழியர் நோயின் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒருதடவை காதைக் காட்டிட்டு வந்துருவோம்மா’ என்று சொல்லி, கூடவே போகிற ஆளும் பஸ் செலவும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தால் போதும்.