எடுகோளைச் சோதிப்பவர் யார்?

சீனாவின் ஒரு பிள்ளைக் கொள்கையை அடக்குமுறையின் வரலாறாகவே நாம் பேசிவருகின்றோம். அது உண்மையே. ஆயினும், அரசுக்கு அந்த ஆலோசனையை வழங்கிய ஆய்வு எவ்வாறு நடந்தது என்பதும் ஆராயத்தக்கது.

1979இல் சனத்தொகை பற்றி ஆலோசனை கூற முன்வந்தோருள் செல்வாக்கு மிக்கவராக விளங்கிய சொங் ஜியான், ஏவுகணைக் கட்டுப்பாட்டு விஞ்ஞானி. சமூக அறிஞர்கள் அவருக்கு ஈடுகொடுக்கும் நிலையில் இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களில் சமூகவியல் 1952இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. சனத்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென 1957இல் எழுதிய மா யின்சூ, கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, 1960இல் பீக்கிங் பல்கலைக்கழகத் தலைமைப் பதவியை இழந்தார். பாதுகாப்புத்துறை விஞ்ஞானிகளோ ஓரளவு காப்பாற்றப்பட்டிருந்தனர். கணனியும் அவர்கள் கையிலேயே இருந்தது.

பெண்ணொருத்தி சராசரியாக மூன்று பிள்ளைகளைப் பெற்றுவந்தால், 2080இல் சனத்தொகை 400 கோடியைத் தாண்டும் என்று சொங் குழுவினர் கணித்தனர். ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த எண் மாறாதிருக்குமா? 1970இல் ஆறை அண்மித்திருந்த அது, புதிய கொள்கை வருமுன்னரே மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. எடுகோள்களை முதற் பக்கத்திலேயே எழுதும்படி நாம் மாணவரை வற்புறுத்தியதுண்டு. ஆட்சியாளர் முதற் பக்கத்தை வாசிப்பதில்லை, வரைபடத்தையே பார்க்கின்றனர்.

அக்கணிப்பே கொள்கையைப் பிறப்பித்தது என்பாரும் அல்ல என்பாரும் உளர். அதற்கு விஞ்ஞான முத்திரை குத்தியது அதுவே என்பது எமது கருத்து.

மறுத்துரைத்தோர் இல்லாமலில்லை. ஷான்சி மாகாணத்தைச் சேர்ந்த லியாங் சொங்தாங், 1979இலேயே ஒரு பிள்ளை யோசனையை எதிர்த்தார். அவருடைய முயற்சியால் 1985 முதல் அம்மாகாணத்தின் யிச்செங் பகுதியில், தாமதித்த திருமணம், பிள்ளைகளுக்கிடையே நீண்ட இடைவெளி என்னும் நிபந்தனைகளுடன் இரு பிள்ளைகள் அனுமதிக்கப்பட்டன. ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து நாடெங்கும் பரப்புவது சீன ஆட்சியாளர் பெருமையோடு கூறிக்கொள்ளும் முறை. 1978இல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்து உழவர் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொண்டதையும் அவ்வாறே பின்னர் ஏற்றுக்கொண்டனர். விளைச்சல் பெருகியது, கேட்க இனிய செய்தி அது.

யிச்செங்கின் செய்தி அத்தகையதன்று. அங்கே சனத்தொகை நாட்டின் சராசரியைவிட மெதுவாகவே வளர்ந்தது என்பதை 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டிவிட்டது. ஆனால், எல்லாத் தம்பதியருக்கும் இரண்டாவது பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது 2016 ஜனவரியிலேயே. அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் கிராமத்துக் குடும்பங்கள் 'மிகைப் பிள்ளை'க்காகத் தண்டம் செலுத்திக்கொண்டிருந்தன. 2022 முதல் சனத்தொகை குறைந்துவருகின்றது. இப்போது பிள்ளை பெறுமாறு அதே அரசு வேண்டுகின்றது.