ஒரே குளிர், மூன்று அடி

2020 நவம்பரில் டெக்சஸ் மின்கட்டமைப்பை இயக்கும் எர்காட், வரவிருந்த குளிர்காலத்துக்கான மதிப்பீட்டை வெளியிட்டது. கடுங்குளிர் அடித்தால் உச்சத் தேவை 67,208 மெகாவாட் என்றது அதன் மோசமான சூழல். 2011 குளிரை அடிப்படையாக வைத்துப் போட்ட கணக்கு அது. 2021 பிப்ரவரி 14 மாலையே தேவை 69,000 மெகாவாட்டைத் தாண்டியது. மறுநாள் அதிகாலையில் அதிர்வெண் 59.3 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 20,000 மெகாவாட் வரை மின்பளுவைத் துண்டித்துத்தான் கட்டமைப்பு முழுவதும் விழாமல் காத்தார்கள். மாநில அரசின் கணக்கிலேயே 246 உயிர்கள் போயின.

தேவையைக் குறைத்து மதிப்பிட்டது பாதிக் கதைதான். ஒரு கட்டத்தில் 52,000 மெகாவாட் உற்பத்தித் திறன் இயங்கவில்லை. நிலையங்கள் உறைந்தன; எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. மின்வெட்டு எரிவாயு வயல்களையும் கம்பிரசர்களையும் தாக்க, மின்நிலையங்களுக்குப் போகும் எரிவாயு மேலும் வற்றியது. தேவையை ஏற்றிய அதே குளிர்தான் உற்பத்தியையும் எரிபொருளையும் முடக்கியது.

மின்கட்டமைப்பைத் திட்டமிடும் நம் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. தேவைக்கு ஒரு இயல்நிலைப் பரவல், காற்றுக்கு ஒரு வெய்புல், பழுதுக்கு ஒரு விகிதம் என்று தனித்தனியே எடுத்து மான்டி கார்லோவை ஆயிரம் முறை ஓட்டுகிறோம். சார்பற்றவை என்று கொண்ட பிறகு, பல நிலையங்கள் சேர்ந்து நிற்கும் நிகழ்தகவு பெருக்கப் பெருக்கச் சிறுத்து மறைந்துவிடுகிறது. ஓட்டங்களைப் பத்தாயிரமாக்கினாலும் அது திரும்பி வராது. பெர்ட்சிமாஸ், சிம் இருவரும் 2004-இல் தந்த வலுவுறு உகப்பாக்க முறைக்கும் இதே சோதனை உண்டு. எத்தனை அளவுகள் ஒரே நேரத்தில் கெடலாம் என்பதைக் காமா என்னும் எண் வரம்பிடுகிறது. எல்லாம் சேர்ந்து கெடாது என்று நம்பி அதைச் சிறிதாக வைத்தால், கேட்க வேண்டிய கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதிவிட்டோம்.

தமிழ்நாட்டில் குளிரின் இடத்தில் தென்மேற்குப் பருவமழையை வையுங்கள். அது தளர்ந்தால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று தளரும். மேற்குத் தொடர்ச்சி மலை அணைகளுக்கு நீர்வரத்து குறையும். வயலில் பம்புசெட்டும் வீட்டில் ஏசியும் கூடுதலாக ஓடும். காற்றாலைக் குறைவை ஈடுசெய்ய நீர்மின்சாரம் இருக்கிறது என்று எழுதும் கட்டுரை, இரண்டையும் ஒரே வானம் ஆள்வதை மறந்துவிடுகிறது.

காற்று, நீர்வரத்து, தேவை மூன்றையும் ஒரே ஆண்டின் ஒரே மணிநேரத்திலிருந்து சேர்த்தெடுங்கள். வானிலை ஆண்டுகளை முழுதாக எடுத்து ஓட்டுவது கடினமான வேலையல்ல. பரவல் பொருத்துவதைவிட எளிது, நேர்மையானதும்கூட. தரவு போதாத இடத்தில் சார்பின்மையைக் கருதிக்கொள்ள நேர்ந்தால், அதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஒட்டுறவைக் கூட்டினால் தேவையான கையிருப்பு எவ்வளவு ஏறுகிறது என்ற ஒரு அட்டவணையையும் தாருங்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அந்த அட்டவணைதான் வேண்டும்.