அள்ளுவதற்கு முன் அறிதல்

கடற்கரையில் எண்ணெய் படிந்தால், கடலில்லாத திருவண்ணாமலையில் வாழும் நமக்கு என்ன கடமை? நம் மாவட்டத்துச் செய்யாறு பாலாற்றில் கலந்து வங்கக் கடலைச் சேர்கிறது. கடல் மீன் நம் சந்தைக்கு வருகிறது. கரையோர மக்களின் துன்பம் நமக்கு அயலானதன்று.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் மெரினா வரை பரவியது. மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் கசடை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோதும் மீனவர்கள் படகேறிச் சென்று அள்ளினர். அவர்களின் உழைப்புக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. எனினும், உழைப்பு மட்டும் போதுமா?

அள்ளுவதற்கு முன் கரையை மதிப்பிட வேண்டும். 1989இல் அலாஸ்காவில் நிகழ்ந்த எக்ஸான் வால்டெஸ் கப்பல் விபத்தை ஒட்டி வளர்ந்த முறை இது. கரையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, எண்ணெய்ப் பட்டையின் நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றை ஒரே வகைப் படிவத்தில் குறிப்பர். குழி தோண்டி, மணலுள் புதைந்த எண்ணெயையும் தேடுவர். எங்கே முதலில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை அப்பதிவே தீர்மானிக்கும். மணற்கரைக்கு மண்வெட்டி பொருந்தலாம். அலையாத்திக் காட்டில் மிதித்து நடந்தாலோ எண்ணெய் சேற்றுக்குள் இறங்கிப் பல்லாண்டு தங்கிவிடும். கையுறையின்றித் தொடுவது தொண்டரின் உடலுக்கே கேடு.

பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். தொல்லையை மேலும் பரப்பாமல் அகற்றக் கற்பதும் அக்கடமையுள் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

இது அரசின் வேலை என்போர் உண்டு. பொறுப்பு அரசுடையதுதான். ஆனால், ஆபத்து வேளையில் தொண்டர்கள் எப்படியும் ஓடி வருவர். அவர்கள் பயின்றவர்களாக வருவதே நல்லது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரளும் மக்களைக் காணும் நமக்கு, நல்லெண்ணம் கொண்ட கூட்டத்துக்கும் ஒழுங்கு தேவை என்பது புதிய செய்தியன்று.

ஆகவே, நம் ஜமாஅத்துகள் மாவட்ட நிர்வாகத்தையும் கல்லூரிகளையும் அணுகி, பிற சமயத்துச் சகோதரர்களோடு இணைந்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இப்பயிற்சியைக் கேட்டுப் பெறட்டும். அளப்பதையும் படிவம் நிரப்புவதையும் நம் ஊர் ஏரிக்கரையிலேயே பழகலாம். விபத்து நேர்ந்த பின் கற்க நேரமிராது.