ஆர்கானிக் அண்ணாச்சிகளே, கொஞ்சம் நில்லுங்க!

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ஒரு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆனா இதை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

மேட்டர் இதுதான். மன்னார்குடி பக்கம் எங்க சித்தப்பாவுக்கு மூணு ஏக்கர் இருக்கு. போன சம்பாவுக்கு நான்தான் அவரை உசுப்பேத்தி, ஒரு ஏக்கர்ல மாப்பிள்ளை சம்பா போட வச்சேன். உரக்கடைப் பக்கமே போகல மனுஷன். "விக்கிறது என் பொறுப்பு சித்தப்பா"ன்னு பெரிய மனுஷன் மாதிரி வாக்கு குடுத்தேன். எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல 38 வீட்டுக்காரங்க "எனக்குப் பத்து கிலோ, எனக்கு இருபது கிலோ"ன்னு கை தூக்கியிருந்தாங்க. அந்தத் தைரியம்தான்.

அறுத்து அரைச்சு 550 கிலோ வந்துச்சு. வாங்கினது 11 வீடு. "சிவப்பா இருக்கு, பசங்க தொட மாட்டேங்குறாங்க." "வேக நேரமாகுது." உச்சகட்டமா ஒரு சார், "ரெண்டு வண்டு கிடக்குது"ன்னு திருப்பியே அனுப்பிட்டார். மருந்து அடிக்காத அரிசிதான சார் கேட்டீங்க? உங்களுக்கு முன்னாடி வண்டுக்கு அது தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்!

மிச்சம் 400 கிலோவை ஒரு வியாபாரி சாதா அரிசி விலைக்கு அள்ளிட்டுப் போனார். இப்ப எந்தக் கடையில என்ன ஸ்டிக்கரோட நிக்குதோ.

இயற்கை விவசாயத்துக்கு டிமாண்ட் கூடுதுன்னு எல்லாரும் சொல்றோம். ஆசைப்படறதுக்குப் பேரு டிமாண்டா? விவசாயி கணக்கைப் பாருங்க. மாப்பிள்ளை சம்பா வயல்ல 160 நாள் நிக்கும். ஆடுதுறை 43 மாதிரி ரகம் 110 நாள்ல வீடு வந்து சேரும். ஆளுயரம் வளர்ற பயிரு, காத்து மழைக்குச் சாயும். விளைச்சலும் கம்மி. குறைந்தபட்ச ஆதரவு விலையில நெல்லுக்குப் பொது ரகம், 'ஏ' கிரேடுன்னு ரெண்டே வகைதான். "பாரம்பரியம்"னு தனியா பத்து பைசா கிடையாது. இயற்கைச் சான்றிதழ் வேணும்னா ரசாயனத்தை விட்டு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். அதுவரைக்கும் விளைச்சல் குறையும், விலை மட்டும் ஏறாது. இத்தனை ரிஸ்க்கும் அவரோடது. நம்மளோடது? ஒரு தம்ஸ் அப்!

"அப்ப நீ யூரியாவுக்கு வக்காலத்தா?"ன்னு யாராச்சும் கிளம்புவீங்க. இல்லீங்க. ஆனா 2021ல இலங்கையில ஒரே ராத்திரியில ரசாயன உரத்துக்குத் தடை போட்டு, அதே வருஷமே திரும்ப வாங்கினாங்களே, அப்ப அடி வாங்கினது யாரு? வயல்ல நின்னவன்தான். மாற்றம் வேணும். அதோட செலவை அவன் ஒருத்தன் தலையில கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

நெல் ஜெயராமன் ஐயாவை எல்லாரும் ஸ்டேட்டஸ்ல வைக்கிறோம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல அவர் நடத்தின நெல் திருவிழாவுல 2 கிலோ விதை குடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் குடுக்கணும். 170க்கு மேல ரகங்களை மீட்டார்னா அது சும்மா நடக்கல, வாங்கினவன் வாக்கைக் காப்பாத்தினான். விதைக்கிறவன்கிட்ட வாக்கு கேட்டோம். திங்கிறவன்கிட்ட யாரு கேட்டா?

அதனால நான் கேக்குறேன். நடவுக்கு முன்னாடியே பாதிக் காசு குடுங்க. மழையில போனா "அவர் தலையெழுத்து"ன்னு சொல்லாம நஷ்டத்துல பங்கு எடுங்க. வண்டு இருந்தா முறத்துல போட்டுப் புடைங்க, நம்ம பாட்டியெல்லாம் அப்படித்தான் சாப்பிட்டாங்க. இதெல்லாம் முடியாதா? தப்பே இல்ல, கடையில பொன்னி வாங்கிச் சாப்பிடுங்க. ஆனா விவசாயிக்குப் புத்தி சொல்லாதீங்க.

நேத்து சித்தப்பா போன் பண்ணினார். "இந்த வருஷம் என்ன தம்பி போடட்டும்?"னு கேட்டார். குரல்ல கோவம் இல்ல, அதான் கஷ்டமா இருந்துச்சு. அரை ஏக்கருக்கு ஆகிற செலவை நான் முன்பணமா அனுப்பிட்டேன். மீதிய அவர் இஷ்டத்துக்கு விட்டுட்டேன்.

டிஸ்கி: பின்னூட்டத்துல "அருமை, எனக்கும் 10 கிலோ"ன்னு போடறவங்க முதல்ல பணத்தை அனுப்புங்க :)